பி.ஆர். போதுமா, இரட்டைக் குடியுரிமை வேண்டுமா? வெளிநாட்டுப் பிலிப்பினோ குடும்பங்களுக்கு ஒரு கணக்கு

கனடாவில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் இரவு ஷிப்டில் பாதிப் பேர் பிலிப்பினோக்கள். வயதில் மூத்த பெண்ணை அவர்கள் ‘ஆத்தே’ என்று கூப்பிடுவார்கள். அக்கா என்று பொருள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அந்தக் குரல் கேட்டபோதெல்லாம், நம்மூர்க்காரர் யாரோ எதையோ பார்த்துப் பதறிவிட்டார் என்று திரும்பிப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் ஷிப்டின் ஆத்தே பிலிப்பைன்ஸில் இலோயிலோ பக்கத்துக்காரர். கனடாவின் பி.ஆர்., அதாவது நிரந்தர வசிப்புரிமை, வாங்கிப் பதினோரு வருடம் ஆகிறது. குடியுரிமைக்கு எப்போதோ விண்ணப்பித்திருக்கலாம். விண்ணப்பிக்கவில்லை. கேட்டால், “அப்பாவோட வயல் இருக்கே, கனடாக்காரி ஆயிட்டா அது என் பேருக்கு வராதே” என்பார். போன மாதம் இடைவேளையில் பழைய விமான டிக்கெட்டுகளையும் பாஸ்போர்ட் முத்திரைகளையும் மேசையில் பரப்பிவைத்து, கடந்த ஐந்து வருடத்தில் கனடாவில் எத்தனை நாள் இருந்தோம் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஊரில் பதினான்கு மாதம் தங்கிவிட்டதால் பி.ஆர். கார்டைப் புதுப்பிப்பதில் பயம் வந்துவிட்டது.

பிலிப்பைன்ஸ் பெண்ணைக் கட்டிய நம்மூர் நண்பர்கள் இரண்டு பேரும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள்: மனைவி பி.ஆரோடு நிற்கட்டுமா, குடியுரிமை வாங்கட்டுமா, வாங்கினால் ஊர்க் குடியுரிமை என்ன ஆகும்? மூன்று பேருக்கும் தனித்தனியாகச் சொன்னதைச் சேர்த்து எழுதுகிறேன்.

## முதலில் வரிசை

பி.ஆர். என்பது குடியேறிய நாடு தருவது. அதை வாங்கினாலும் பிலிப்பைன்ஸ் சட்டத்தின் கண்ணில் நீங்கள் பிலிப்பினோதான். பாஸ்போர்ட்டும் பழையதேதான். இரட்டைக் குடியுரிமை அப்படி ஓர் அலுவலகத்தில் வாங்கிவரும் பொருள் இல்லை. பி.ஆர். வாங்கி, சில வருடம் வாழ்ந்து, அந்த நாட்டுக் குடியுரிமையை எடுத்து, அப்புறம் பிலிப்பைன்ஸ் தூதரகத்தில் வலது கையை உயர்த்தி உறுதிமொழி சொன்னால்தான் இரண்டும் கையில் இருக்கும். ஆக, பி.ஆரிலேயே நின்றுவிடுவதா, கடைசிவரை நடப்பதா என்பதுதான் கேள்வி. நடுவில் மூன்றாவதாக ஓர் இடமும் உண்டு. வெளிநாட்டுக் குடியுரிமையை வாங்கிவிட்டுத் தூதரகப் பக்கமே போகாமல் இருப்பது. நிறையப் பேர் அங்கேதான் இருக்கிறார்கள், பலர் தெரியாமலே.

பிலிப்பைன்ஸின் 1936ஆம் ஆண்டு காமன்வெல்த் சட்டம் 63இன்படி, வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிய அன்றே பிலிப்பைன்ஸ் குடியுரிமை போய்விடும். ஆத்தேயின் அப்பா மகளுக்குச் சொல்லி அனுப்பியது அந்தக் காலத்துப் பாடம். 2003 ஆகஸ்ட் 29 அன்று அதிபர் குளோரியா மகபகல் அர்ரோயோ கையெழுத்திட்ட குடியரசுச் சட்டம் 9225 அதை மாற்றியது. பிறப்பால் பிலிப்பினோவாக இருந்தவர் வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கினாலும், உறுதிமொழி எடுத்தால் பழைய குடியுரிமை அவருடையதே. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்தியருக்கு இந்தியா தரும் ஓ.சி.ஐ. அட்டையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது குடியுரிமையே இல்லை. வாக்கும் கிடையாது, விவசாய நிலமும் வாங்க முடியாது. பிலிப்பைன்ஸ் திருப்பித் தருவது முழுக் குடியுரிமை.

## எதை வைத்து எடை போடுவது

என் கணக்கில் முதல் அளவுகோல், குடியேறிய நாடு இரண்டு குடியுரிமையை விடுமா என்பது. விடாவிட்டால் மற்றதைப் பேசிப் பயனில்லை. அடுத்து ஊரில் இருக்கும் நிலம். மூன்றாவது, பெற்றோரையும் கூடப்பிறந்தவர்களையும் அழைக்க வேண்டியிருக்கிறதா. நான்காவது பிள்ளைகளின் வயது. ஐந்தாவது, ஊரில் நீண்ட நாள் போய்த் தங்க வேண்டி வருமா. பணம், வரி எல்லாம் கடைசி. விண்ணப்பக் கட்டணத்தைப் பார்த்து இந்த முடிவை எடுப்பவர்கள் தப்பான இடத்தில் கஞ்சத்தனம் செய்கிறார்கள்.

## நாடு விடுமா?

கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, பிரிட்டன், இத்தாலி ஆகியவை பழைய குடியுரிமையைக் கைவிடச் சொல்வதில்லை. ஜெர்மனி 2024 ஜூன் 27 முதல் இந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. அங்கே போன பிலிப்பினோ நர்ஸ்களுக்கு இது பெரிய விஷயம். ஸ்பெயின் தனிக்கதை. 1898 வரை பிலிப்பைன்ஸை ஆண்ட கணக்குக்கு, மற்ற வெளிநாட்டவர் பொதுவாகப் பத்து வருடம் காத்திருக்கும் இடத்தில் பிலிப்பினோக்களுக்கு இரண்டே வருடம். பழைய குடியுரிமையைத் துறக்கவும் வேண்டாம். ஸ்பெயினில் சட்டப்படி வாழ்ந்துகொண்டு இன்னும் யோசிக்கிற பிலிப்பினோவுக்கு இந்தக் கட்டுரையே வேண்டியதில்லை; விண்ணப்பிக்கட்டும்.

ஜப்பானும் சிங்கப்பூரும் எதிர்ப்பக்கம். ஜப்பானியக் குடியுரிமை வாங்க பழையதைத் துறக்க வேண்டும். வாங்கியபின் தூதரகத்துக்குப் போய் 9225 உறுதிமொழி எடுத்தால், தானாக விரும்பி வேறு குடியுரிமை பெற்றவர் என்ற கணக்கில் ஜப்பானியக் குடியுரிமை போய்விடும். சிங்கப்பூரிலும் கிட்டத்தட்ட அதே கதை. அதனால் இந்த இரண்டு நாட்டிலும் ‘இரட்டை’ என்ற பேச்சே இல்லை, பி.ஆரா, அல்லது ஊர்க் குடியுரிமையை விட்டுக்கொடுப்பதா என்பதுதான். சிங்கப்பூரில் இருக்கும் என் நண்பரின் மனைவிக்கு நான் சொன்னது பி.ஆர். போதும் என்று. ஊருக்கே திரும்பும் எண்ணம் இருந்தால், பி.ஆரை விட்டுக்கொடுத்துச் சேமநிதிப் பணத்தை எடுத்துக்கொண்டு கிளம்பலாம். ஆனால் வீட்டில் ஆண்பிள்ளை இருந்தால், பெற்றோர் வழியாகப் பி.ஆர். ஆன பையனுக்கும் ராணுவச் சேவை உண்டு என்பதை இப்போதே மனதில் வைக்க வேண்டும்.

வளைகுடாவில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. இருபது வருடம் துபாயில் உழைத்தாலும் சாதாரண வேலை விசாக்காரருக்குக் குடியுரிமைக்கு வழி கிடையாது. ஹாங்காங்கில் ஏழு வருடம் வாழ்ந்தால் நிரந்தர உரிமை என்று இருந்தாலும், வீட்டுப் பணிப்பெண்களுக்கு அது பொருந்தாது என்று அந்த ஊர் இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013இல் தீர்ப்பு சொல்லிவிட்டது. வழக்குப் போட்டவரே ஒரு பிலிப்பினோ பெண்தான்.

## பி.ஆரோடு நிற்பது

இதன் பெரிய வசதி, எதையும் செய்ய வேண்டியதில்லை என்பது. பிலிப்பைன்ஸில் நிலம் வாங்கலாம், எத்தனை வருடம் வேண்டுமானாலும் தங்கலாம், வெளிநாட்டிலிருந்தபடியே அதிபர் தேர்தலில் வாக்களிக்கலாம். வெளிநாட்டு பி.ஆர். வைத்திருப்பவர் மூன்று வருடத்துக்குள் ஊர் திரும்புவேன் என்று எழுதிக்கொடுத்தால்தான் வாக்கு என்று 2003இல் ஒரு நிபந்தனை இருந்தது. 2013இல் அதை எடுத்துவிட்டார்கள்.

சிக்கல் எல்லாம் குடியேறிய நாட்டுப் பக்கம். பி.ஆர். என்பது நிபந்தனையோடு வருவது. கனடாவில் எந்த ஐந்து வருடத்தை எடுத்தாலும் 730 நாள் உள்ளே இருந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் கிரீன் கார்டோடு ஒரு வருடத்துக்கு மேல் வெளியே தங்குவதாக இருந்தால் முன்கூட்டியே மறுநுழைவு அனுமதி வாங்க வேண்டும். ஆறு மாதத்தைத் தாண்டினாலே குடியுரிமைக்கான கணக்கில் கேள்வி வரும். பிரிட்டனில் இரண்டு வருடம் வெளியே போய்விட்டால் பொதுவாக வசிப்புரிமை தானாகவே போய்விடும். ஊரில் வயதான அம்மா அப்பா இருக்கும் குடும்பத்துக்கு இந்த நாள் கணக்கு லேசான விஷயம் இல்லை. ஆத்தே ஒரு பக்கம் அப்பாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டு மறுபக்கம் காலண்டரைப் பார்த்தவர்.

இன்னொன்று குற்ற வழக்கு. ‘நாம் ஒழுங்காக இருக்கிறோம், நமக்கென்ன’ என்று எல்லாரும் சொல்வார்கள். 2018 டிசம்பருக்குப் பிறகு கனடாவில் குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதற்கு அதிகபட்சத் தண்டனை பத்து வருடம். பத்து வருடம் என்றால் குடியேற்றச் சட்டத்தில் அது ‘கடுமையான குற்றம்’. கிறிஸ்துமஸ் விருந்து முடிந்து வீட்டுக்கு ஓட்டிப்போன ஒரு இரவு பி.ஆரையே கொண்டுபோகலாம். குடிமகனுக்கும் அபராதம் உண்டு, சிறை உண்டு, ஆனால் நாட்டை விட்டு அனுப்ப முடியாது.

2025இல் அமெரிக்காவில் செய்தியான ஒரு சம்பவம் நினைவுக்கு வருகிறது. ஐம்பது வருடம் கிரீன் கார்டோடு வாழ்ந்த பிலிப்பினோ பெண் ஒருவர் ஊருக்குப் போய்த் திரும்பும்போது விமான நிலையத்தில் தடுத்துவைக்கப்பட்டார். இருபது வருடத்துக்கு முந்தைய, தண்டனையும் முடிந்துபோன பணக் கையாடல் வழக்குதான் காரணம். மூன்று மாதம் காவலில் இருந்து நீதிபதியின் தீர்ப்பில் வெளியே வந்தார். குடியுரிமை வாங்கத் தகுதியிருந்தும் ஏன் வாங்கவில்லை என்றால், ஊர்ச் சொத்துக்காகப் பிலிப்பினோவாகவே இருப்பேன் என்று அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தாராம். இதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஆத்தேதான் கண்முன் வந்தார்.

அப்புறம் பயணம். கனடா பி.ஆர். வைத்திருக்கும் பிலிப்பினோ, நயாகரா பாலத்தைத் தாண்டி அமெரிக்கா போக விசா எடுக்க வேண்டும். கனடியப் பாஸ்போர்ட்காரர் அப்படியே போவார்.

## உறுதிமொழி எடுக்காத மூன்றாம் வழி

வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் வைத்துக்கொள்பவர்களும் அப்படியொன்றும் கைவிடப்பட்டவர்கள் இல்லை. ‘பாலிக்பாயன்’ சலுகையில் முன்னாள் பிலிப்பினோ விசா இல்லாமல் ஒரு வருடம் தங்கலாம். கூடவே பயணம் செய்யும் கணவன், மனைவி, பிள்ளைகளுக்கும் அதே ஒரு வருடம். கனடியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் நம்மூர் மாப்பிள்ளைக்கு இது நல்ல செய்தி. ஆனால் மனைவியோடு சேர்ந்து இறங்க வேண்டும். தனியாகப் போய் இறங்கிவிட்டு ‘என் மனைவி பிலிப்பினோ’ என்றால் அந்த முத்திரை விழாது.

நிலமும் ஓரளவு உண்டு. குடியிருப்புக்கு நகரத்தில் 1,000 சதுர மீட்டர் அல்லது கிராமத்தில் ஒரு ஹெக்டேர். தொழிலுக்கு என்றால் நகரத்தில் 5,000 சதுர மீட்டர் அல்லது கிராமத்தில் மூன்று ஹெக்டேர். வருடத்துக்கு ஒரு முறை ஊருக்குப் போய், ஒரு வீடு மட்டும் கட்டிக்கொள்ள நினைப்பவருக்கு இதுவே போதும். அவர் உறுதிமொழிக்கு அலைய வேண்டிய அவசரம் இல்லை.

## இரட்டைக் குடியுரிமை

செலவைக் கேட்டால் சிரிப்பு வரும். குடியேறிய நாடுதான் பணம் பிடுங்கும். கனடாவில் ஒரு பெரியவருக்கு 600 டாலருக்கு மேல், அமெரிக்காவில் காகித விண்ணப்பத்துக்கு 760 டாலர், பிரிட்டனில் 1,600 பவுண்டைத் தாண்டும். அமெரிக்காவில் உள்ள பிலிப்பைன்ஸ் தூதரகங்களில் உறுதிமொழிக்கு 50 டாலர், கூடச் சேரும் பிள்ளைக்கு 25. நேரம் போவது தாள்களில்தான். பிலிப்பைன்ஸ் புள்ளியியல் ஆணையத்தின் பிறப்புச் சான்றிதழ், கல்யாணச் சான்றிதழ், புதிய குடியுரிமைச் சான்றிதழ் எல்லாவற்றிலும் பெயர் ஒத்துப்போக வேண்டும். மரியா என்பதை ‘மா.’ என்று சுருக்கி எழுதும் பழக்கம் அந்த ஊரில் உண்டு. பிறப்புச் சான்றிதழில் மா., பாஸ்போர்ட்டில் மரியா என்று இருந்தால் அங்கே ஒரு நடை கூடும்.

கிடைப்பது என்ன? வரம்பில்லாமல் நிலம், கால வரம்பில்லாமல் தங்குவது, வாக்கு. நர்ஸ், எஞ்சினியர், வக்கீல் வேலையை ஊரில் செய்ய மறுபடி உரிமம் கேட்கும் தகுதி. 2007இல் ஒரு வக்கீலின் மனுவில் பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லியிருக்கிறது. அவர் சிகிச்சைக்காகக் கனடா போய், அங்கே இலவச மருத்துவம் கிடைப்பதற்காகக் குடியுரிமை வாங்கி, பிறகு 9225இல் திரும்பியவர். கறுப்பு அங்கி தானாகத் திரும்பிவராது, பாக்கிச் சந்தாவைக் கட்டி, நிபந்தனைகளை முடித்து, புதிதாக உறுதியெடுத்தால் வரும் என்றது நீதிமன்றம்.

எல்லாவற்றையும் விட, குடியேறிய நாட்டில் நாள் எண்ண வேண்டாம். இலோயிலோவில் இரண்டு வருடம் அப்பாவோடு இருந்துவிட்டு வந்தாலும் யாரும் கேட்க முடியாது.

## நிலம்: பயத்தில் பாதி பழைய கதை

அரசியல் சட்டம் நிலத்தைக் குடிமக்களுக்கு மட்டும் என்று வைத்திருப்பது உண்மை. அடுக்குமாடி வீடு வெளிநாட்டவருக்கும் கிடைக்கும், ஒரு கட்டடத்தில் 40 சதவீதம் வரை. ஆனால் மண் கிடைக்காது. அதே அரசியல் சட்டம் ஒரு விலக்கும் வைத்திருக்கிறது: வாரிசுரிமையாக வரும் நிலம். அப்பா உயில் எழுதாமல் இறந்தால், சட்டப்படி வரும் பங்கு வெளிநாட்டுக் குடிமகளுக்கும் வரும். ஏற்கெனவே பிலிப்பினோவாக இருந்தபோது வாங்கிய நிலத்தையும் யாரும் பிடுங்குவதில்லை. ஆத்தே பதினோரு வருடம் பயந்தது இதற்குத்தான். அவர் கனடியர் ஆகி, உறுதிமொழியும் எடுக்காமல் இருந்தால்கூட அப்பாவின் வயலில் பங்கு வந்திருக்கும்.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ஓரியண்டல் மிந்தோரோ மாகாணத்தில் ஒருவர். 1974லேயே கனடியர் ஆனவர், ஓய்வுக்கு ஊர் திரும்பி, கடற்கரையோரம் 600 சதுர மீட்டர் மனை வாங்கி வீடு கட்டினார். பிறகுதான் அதில் ஒரு பகுதி அரசு நிலம் என்று தெரிந்தது. 2007 ஏப்ரலில் குத்தகைக்கு மனுக் கொடுத்தபோது, தான் பிலிப்பினோ என்று எழுதினார். 9225 உறுதிமொழி எடுத்தது அதே வருடம் அக்டோபரில். பொய்த் தகவல் கொடுத்தார் என்று வழக்கு வந்தது. குடியுரிமை திரும்பியது அக்டோபரில்தான், அது பின்னோக்கிப் போகாது, மனு எழுதிய அன்று அவர் கனடியர் மட்டுமே என்று உச்ச நீதிமன்றம் 2015இல் சொன்னது. சட்டம் அமலுக்கு வருவதற்கு முன்பே வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர்கள் குடியுரிமையை ‘மீண்டும் பெறுபவர்கள்’, பிறகு வாங்கியவர்கள் ‘தக்கவைப்பவர்கள்’ என்று அந்தத் தீர்ப்பு பிரிக்கிறது. எந்தப் பிரிவாக இருந்தாலும், உறுதிமொழிக் காகிதம் கைக்கு வருவதற்கு முன் எந்தப் பத்திரத்திலும் ‘பிலிப்பினோ’ என்று எழுதிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

## பிள்ளைகள்: பதினெட்டாவது பிறந்தநாள்

பிலிப்பைன்ஸ் குடியுரிமை மண்ணால் வருவதில்லை, ரத்தத்தால் வருவது. குழந்தை பிறந்த நாளில் அம்மாவோ அப்பாவோ பிலிப்பினோவாக இருந்தால் போதும். ஆத்தேயின் சின்ன மகள் கனடாவில் பிறந்தவள். அம்மா அப்போது வெறும் பி.ஆர். அதனால் அந்தப் பெண் பிறந்த நிமிடத்திலிருந்தே இரண்டு நாட்டுக் குடிமகள். பி.ஆரோடு நிற்பதால் வரும் லாபம் இது, யாரும் எடுத்துச் சொல்வதில்லை. தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்வது மட்டும்தான் பாக்கி. ஆத்தே ஒன்பது வருடமாக அதைச் செய்யவில்லை.

அமெரிக்காவில் இருக்கும் அவர் தங்கை முதலில் அமெரிக்கக் குடியுரிமை வாங்கினார், அப்புறம் பிள்ளை பெற்றார், உறுதிமொழி எடுக்கவில்லை. அப்பாவும் பிலிப்பினோ இல்லை என்றால் அந்தப் பையன் பிலிப்பினோ ஆக ஒரே வழி, அம்மா உறுதிமொழி எடுக்கும் நாளில் அவன் பதினெட்டு வயதுக்குள், கல்யாணம் ஆகாதவனாக இருக்க வேண்டும். பதினெட்டு முடிந்த மறுநாள் போனால் அம்மாவுக்கு மட்டும் கிடைக்கும். கணவனுக்கோ மனைவிக்கோ இப்படித் தொற்றிக்கொண்டு குடியுரிமை வராது என்பதையும் நம் மாப்பிள்ளைகள் கவனிக்கவும்.

## குடும்பத்தை அழைப்பது

இங்கே நாட்டுக்கு நாடு கணக்கு மாறும். கனடாவில் பி.ஆர்.காரரே பெற்றோருக்கு ஸ்பான்சர் செய்யலாம். குலுக்கல் திறந்திருக்க வேண்டும், பெயரும் விழ வேண்டும் என்பது வேறு விஷயம். எனவே இதற்காகக் குடியுரிமை வாங்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் அப்படி இல்லை. பெற்றோரையும் கூடப்பிறந்தவர்களையும் அழைக்கக் குடிமகனால்தான் முடியும். கூடப்பிறந்தவர் வரிசையில் பிலிப்பினோக்கள் ஏறக்குறைய இருபது வருடம் காத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு வேடிக்கை: கிரீன் கார்டுக்காரரின் கல்யாணமாகாத, வளர்ந்த பிள்ளைக்கு ஒரு வரிசை, குடிமகனின் கல்யாணமாகாத பிள்ளைக்கு இன்னொரு வரிசை. பிலிப்பைன்ஸைப் பொறுத்தவரை இரண்டாவது வரிசை பல வருடங்களில் முதலாவதை விட மெதுவாக நகர்ந்திருக்கிறது. அம்மா ஆசையாகக் குடியுரிமை வாங்கியதால் மகன் பின்னுக்குப் போன குடும்பங்கள் உண்டு. பழைய வரிசையிலேயே இருக்கிறேன் என்று எழுதிக்கொடுக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. தெரிந்தவர்கள் செய்கிறார்கள். இதற்கு நேரெதிரான வலையும் ஒன்று உண்டு. கிரீன் கார்டுக்காரரின் மகன் காத்திருக்கும்போது கல்யாணம் செய்துகொண்டால் மனு அங்கேயே செத்துவிடும். அம்மா குடிமகளாக இருந்தால் மனு வேறு வரிசைக்குப் போகுமே தவிரச் சாகாது. கல்யாணத்தை மறைத்துவைத்து, கடைசியில் நேர்காணலில் மாட்டிக்கொண்ட கதைகள் பிலிப்பினோ சமூகத்தில் ஏராளம்.

## யாரும் முன்கூட்டிச் சொல்லாத செலவுகள்

வரி: வெளிநாட்டில் வாழும் பிலிப்பினோ குடிமகனுக்குப் பிலிப்பைன்ஸ் வருமானத்துக்கு மட்டுமே அங்கே வரி. உறுதிமொழி எடுத்தால் சம்பளத்துக்கு இரண்டு நாட்டிலும் வரி என்று பயமுறுத்துவது வீண் பேச்சு. ஊருக்கே திரும்பிவிட்டால்தான் கணக்கு மாறும். அங்கே குடியிருக்கும் குடிமகனுக்கு உலகம் முழுதும் வரும் வருமானத்துக்கு வரி உண்டு. குடியிருக்கும் வெளிநாட்டவருக்கு உள்ளூர் வருமானத்துக்கு மட்டும். வெளிநாட்டு ஓய்வூதியத்துக்கு விலக்கு இருக்கிறது. டொரண்டோவில் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு ஊரில் போய் உட்கார நினைப்பவர் மட்டும் கணக்காளரைப் பார்த்துவிட்டு உறுதிமொழி எடுக்கட்டும். அமெரிக்கா எங்கே வாழ்ந்தாலும் தன் குடிமகனிடம் வரிக் கணக்குக் கேட்கும், கிரீன் கார்டுக்காரரிடமும் கேட்கும். கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்புவது கொஞ்சம் எளிது, அவ்வளவுதான்.

விவாகரத்து: பிலிப்பைன்ஸில் பொதுவான விவாகரத்துச் சட்டம் இல்லை. இரண்டு பேரும் பிலிப்பினோவாகவே இருந்து, பி.ஆரோடு கனடாவில் விவாகரத்து வாங்கினால், ஊரில் அவர்கள் இன்னும் கணவன் மனைவிதான். ஒருவர் வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியபின் விவாகரத்துப் பெற்றால், ஊரிலிருக்கும் மற்றவரும் மறுமணம் செய்யலாம் என்று 2005இல் உச்ச நீதிமன்றம் வழி காட்டியது. விவாகரத்துக் கிடைத்த நாளில் என்ன குடியுரிமை என்பதுதான் அளவு, கல்யாணத்தன்று என்ன என்பது இல்லை. ஊர் நீதிமன்றத்தில் அந்தத் தீர்ப்பை அங்கீகரிக்கத் தனி வழக்கும் போட வேண்டும். குடும்பத்தில் அப்படி ஒரு நிலைமை இருந்தால், முதலில் வக்கீல், அப்புறம் தூதரகம்.

பதவி: ஊரில் மேயராக நிற்கும் ஆசை இருப்பவருக்கு இரண்டு வழியிலும் முள். 1990இல் பங்காசினான் மாகாணத்தின் பொலினாவோ மேயர், கிரீன் கார்டு வைத்திருந்த ஒரே காரணத்தால் பதவி இழந்தார். இரட்டைக் குடியுரிமைக்காரர் வெளிநாட்டுக் குடியுரிமையைச் சத்தியம் செய்து துறக்க வேண்டும். துறந்தபின் பழைய அமெரிக்கப் பாஸ்போர்ட்டில் பயணம் போன லானாவ் தெல் நோர்த்தே மாகாணத்தின் கவுஸ்வாகன் மேயரின் வெற்றியை 2013இல் நீதிமன்றம் ரத்து செய்தது. 2017இல் வெளியுறவுச் செயலராக இருந்த பெர்ஃபெக்தோ யாசாய், அமெரிக்கக் குடியுரிமை விவகாரத்தில் நியமனக் குழுவால் நிராகரிக்கப்பட்டார்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | பி.ஆர். மட்டும் | வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் | இரட்டைக் குடியுரிமை |
|---|---|---|---|
| பிலிப்பைன்ஸில் நிலம் வாங்குவது | குடிமக்களுக்கான முழு உரிமை | குடியிருப்புக்கு 1,000 ச.மீ. / 1 ஹெக்டேர் | குடிமக்களுக்கான முழு உரிமை |
| ஊரில் தங்குவது | ஊர்ப் பக்கம் தடையில்லை; பி.ஆர். போகும் ஆபத்து | ஒரு முறைக்கு ஒரு வருடம் | தடையில்லை |
| குடியேறிய நாட்டிலிருந்து வெளியேற்றம் | நடக்கலாம் | நடக்காது | நடக்காது |
| இனிப் பிறக்கும் குழந்தை | பிறப்பிலேயே பிலிப்பினோ | இல்லை | பிறப்பிலேயே பிலிப்பினோ |
| பிலிப்பைன்ஸ் தேர்தலில் வாக்கு | உண்டு | இல்லை | உண்டு |
| ஜப்பான், சிங்கப்பூரில் | முடியும் | முடியும் | முடியாது |

## யாருக்கு எது

ஜப்பான், சிங்கப்பூரில் இருந்து, ஊரில் சொத்தும் திரும்பும் எண்ணமும் உள்ளவர் பி.ஆரோடு நிற்கலாம். ஜப்பானில் வரியையும் காப்பீட்டுச் சந்தாவையும் மட்டும் தவணை தவறாமல் கட்டுங்கள். வேண்டுமென்றே கட்டாதவரின் நிரந்தர வசிப்புரிமையை ரத்து செய்ய 2024இல் சட்டம் திருத்தியிருக்கிறார்கள். இரண்டு மூன்று வருடத்தில் ஊர் திரும்புவது உறுதி என்பவரும் கனடா, அமெரிக்கா என்றாலும் அவசரப்பட வேண்டாம்.

கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, பிரிட்டனில் வேர்விட்டு, ஊரில் வயதான பெற்றோரும் இருப்பவர் கடைசிவரை நடந்து உறுதிமொழியும் எடுப்பதுதான் சரி என்பது என் அபிப்பிராயம். பிள்ளைக்குப் பதினாறு பதினேழு என்றால் இந்த வருடமே. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், ஊரில் நிலமும் இல்லை, வருடம் ஒரு முறை திருவிழாவுக்குப் போனால் போதும் என்பவருக்கு மூன்றாம் வழி தாராளம்.

ஆத்தேயின் டிக்கெட் கணக்கு கடைசியில் தேறிவிட்டது. 730க்கு மேலே இன்னும் பல நூறு நாள் கையில் இருந்தது. குடியுரிமைக்கு வேண்டிய 1,095க்கும் போதும். கார்டைப் புதுப்பிக்கும் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, குடியுரிமைப் படிவத்தைப் போனில் திறந்து நீட்டினார். முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டார்: பெயரில் ‘மா.’ என்று எழுதுவதா, ‘மரியா’ என்று எழுதுவதா? பிறப்புச் சான்றிதழ் இலோயிலோவில் அவர் அம்மாவின் பீரோவில் இருக்கிறது. அங்கே அப்போது பகல். தம்பிக்கு போன் போட்டு, போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறார்.